பால் பொங்கிய ட்ரெய்லர்

அந்த ட்ரெய்லரை நான் முதலில் மூக்கால்தான் அறிந்தேன். கதவைத் திறந்ததும், நனைந்த சாக்கை முகத்தில் போர்த்தியதுபோல ஒரு மணம் வந்தது. என் கணவர் அதற்குள் ஏறி நின்று, "வாரும், வந்து பாரும், உள்ளுக்கை எவ்வளவு இடம் இருக்குது" என்று கூப்பிட்டார். நான் மகளின் கையைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றேன்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு மூச்சு இழுப்பு இருந்தது. ஊரில் இதைத் தொய்வு என்போம். குளிர் கூடினால் வரும், குறைந்தாலும் வரும். ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் உயர்ந்த கட்டடத்தில், முன்பு யார் யாரோ நடந்து பழசாக்கிய கார்ப்பெட் போட்ட ஒரு வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டு சிகரெட் புகை எங்கள் குளியலறைக்குள் வந்துவிடும். கரப்பானுக்கு மருந்து அடிக்க ஆட்கள் வருகிற நாட்களில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைத்தொகுதியில் போய் உட்கார்ந்திருப்பேன். தூசு, புகை, ஈரம், பூஞ்சணம் இவை ஒன்றும் ஆகாது என்று மருத்துவர் சொன்னதைச் சோதனைக்குப் படிப்பதுபோலப் பாடமாக்கி வைத்திருந்தேன். அதே மருத்துவர் நல்ல காற்றில் பிள்ளை ஓடி விளையாடட்டும் என்றும் சொன்னார். என் கணவர் அதைமட்டும் பிடித்துக்கொண்டார். ஒரே அறையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் இரண்டு செய்திகளோடு வெளியே வந்தோம்.

அவருடைய செய்தியின் விளைவுதான் ட்ரெய்லர். ரெக்ஸ்டேலில் அவர் வேலை செய்த தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் வீட்டுப் பின்புறத்தில், ஒரு மேப்பிள் மரத்தின் கீழே அது பல ஆண்டுகளாகக் கிடந்தது. இழுத்துக்கொண்டு போனால் போதும் என்று அந்த மனிதர் சொல்லிவிட்டார். கோடையில் சனி, ஞாயிறு வந்தால் எங்கள் வான் வண்டியின் பின்னால் கொழுவிக்கொண்டு ஏரிக்கரைகளுக்குப் போகலாம், பிள்ளை மரக்காற்றில் நித்திரை கொள்ளும் என்பது என் கணவரின் கணக்கு. எங்கள் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய என்ன வயதோ அதுதான் அதற்கும் வயது. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டம், றாத்தல் பாண் ரொட்டியைப்போல மேலே வளைந்த முதுகு. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்குப் பயம் இன்னும் கூடியது.

"பிள்ளை உதுக்குள்ளை படுக்கிறதெண்டால், நான் மணந்து பார்த்து ஓமெண்டு சொன்னாப் பிறகுதான்" என்றேன்.

"சரி" என்றார் அவர். அவ்வளவு கெதியாகச் சம்மதித்ததால், நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அன்றிரவு முழுக்க, அப்படிக் கறாராகப் பேசியிருக்கத் தேவையில்லையோ என்றும் யோசித்தேன். இரண்டு வேலை செய்கிற மனிதர் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. இதைக்கூட அவர் தனக்கென்று கேட்கவில்லை.

கட்டடத்தில் இருக்கிறவர்கள் ட்ரெய்லரை எங்கே நிறுத்துவது? அவரோடு வேலை செய்த ஓர் அண்ணைக்கு ரெக்ஸ்டேலில் வீடும் பக்கத்திலே கொஞ்சம் நிலமும் இருந்தன. அவர் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அடுத்த ஊர். அவருடைய மனைவியை அக்கா என்று கூப்பிட்டோம். இருவரும் ஒரு பேச்சும் பேசாமல் இடம் தந்தார்கள். பனி முழுக்கக் கரைந்த பிறகு, ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டுப் பெட்டியோடு பாதாள ரயிலும் பஸ்ஸும் ஏறி நாங்கள் அங்கே போகத் தொடங்கினோம். வானை என் கணவர் அங்கேயே விட்டுவைத்திருந்தார், ட்ரெய்லருக்குக் காவல்போல.

இரண்டாவது ஞாயிறே ஒரு பெரியவர் வந்தார். பக்கத்துத் தெருவில் மனைவியோடு இருந்த வெள்ளைக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாயோடு நடந்து போனவர் எங்கள் ட்ரெய்லரைக் கண்டதும் நின்றுவிட்டார். நாயின் கயிற்றை என் மகளின் கையில் கொடுத்தார். நல்ல காற்சட்டையோடு நிலத்தில் முதுகு படுமாறு படுத்து, அடியைப் பார்க்கத் தொடங்கினார். என் கணவரும் அண்ணையும் என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் குந்தினார்கள். நான் நாயின் ரோமம் பிள்ளைக்கு ஆகுமா என்று யோசித்தபடி கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

அவரிடமும் அதே காலத்து ட்ரெய்லர் ஒன்று இருந்தது. அவரும் மனைவியும் ஆண்டுக்கணக்கில் அதைப் பழுது பார்த்துப் புதிதுபோல வைத்திருந்தார்கள். இப்படி ஒரு சிலர் அங்கங்கே இருந்தார்கள் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். ஒருவருக்கு ஜன்னல் கொளுக்கி வேண்டுமென்றால் இன்னொருவர் தன் கராஜில் தேடுவார். இல்லையென்றால் வேறொருவருக்குத் தொலைபேசி எடுப்பார். எங்களைக் கண்ட எல்லோரும் எந்த நாடு என்று கேட்கிற காலம் அது. அவர் கேட்ட முதல் கேள்வி, இது எந்த ஆண்டு செய்தது என்பது.

மணத்தைப் பற்றி நான்தான் அவரிடம் கேட்டேன். கழுவினால் போகுமா என்றேன். போகாது என்றார். சுவருக்குள் இருக்கும் மரம் தண்ணீர் குடித்திருக்கிறது, திறந்து பார்க்க வேண்டும் என்றார். என் கணவரின் முகம் சுருங்கியது. ஒரு தடவை கழுவி, ஒரு தடவை பெயின்ற் அடித்தால் முடிந்துவிடும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அடுத்த கிழமை பின்பக்கத் தகட்டைக் கழற்றினார்கள். மூலைச் சட்டம், தொட்டதும் புட்டு மாவைப்போல உதிர்ந்து கொட்டியது. எனக்கு நான் சொன்னது சரிதானே என்று ஒரு சந்தோசம் வந்தது. கணவரின் கையில் அந்த மரத்தூள் இருந்ததைக் கண்டதும் அந்தச் சந்தோசத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"மரம்தானே. மாத்தலாம்" என்றார் அண்ணை. "நாங்கள் ஆக்கள் முழுக்க மாறி வந்து நிக்கிறம்."

மே, ஜூன் முழுக்க மாற்றினார்கள். பழைய சட்டத்தைக் கழற்றி, அதை அச்சாக வைத்துப் புதிய மரத்தில் அதேபோல வெட்டினார்கள். பெரியவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பழையதில் நல்லதாக இருக்கும் எதையும் எறியக்கூடாது. ஓர் ஆணியைக்கூட நிமிர்த்தித் திரும்ப வைப்பார். எனக்கு நேர் எதிர்ப் பிடிவாதம். பழையது எதுவும் மிஞ்சக்கூடாது. இருக்கைகளின் பஞ்சு மெத்தைகளைப் பற்றி எங்கள் இருவருக்கும் ஒரு சிறிய போர் நடந்தது. அவருடைய மனைவிதான் முடித்துவைத்தார். மெத்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, இந்த வீட்டில் படுக்கப்போவது அந்தப் பெண், நீங்கள் இல்லை என்று கணவரிடம் சொன்னார். பிறகு புதிய பஞ்சுக்கு உறை தைக்கத் தன் தையல் இயந்திரத்தையே அண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நானும் அவரும் உட்சுவர்ப் பலகைகளைப் பூஞ்சணம் போக வினாகிரித் தண்ணீரால் துடைத்தோம். அக்கா எங்களுக்குத் தேநீர் ஊற்றினா. வினாகிரி மணத்தில் தேநீர் அச்சாறுபோல இருந்தது.

கூரையின் இணைப்புகளையெல்லாம் பசை வைத்து அடைத்த பிறகு தண்ணீர்ச் சோதனை செய்ய வேண்டும் என்றார் பெரியவர். வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் பாய்ச்சுவார்கள். உள்ளே ஒருவர் கையில் டோர்ச்சோடு இருந்து எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். என் கணவர் உள்ளே போகப் பார்த்தார். பெரியவர் தலையை ஆட்டி என்னைக் காட்டினார். இந்த வேலைக்கு எதையும் லேசில் நம்புகிற ஆள் சரிவராது என்று அவர் சொன்னதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். தலைக்கு மேலே தண்ணீர் பெருமழைபோல இறங்கியது. ஒழுகவில்லை. ஒழுகவில்லை என்று கத்திவிடலாம். ஆனால் நான் கத்தவில்லை. அலமாரிக்குள் தலையை விட்டேன். இருக்கையின் அடியில் படுத்துப் பார்த்தேன். கடைசியில் முன் ஜன்னலின் கீழ், ஓர் ஊசிமுனை ஈரத்தைக் கண்டுபிடித்துச் சுவரில் தட்டினேன். வெளியே பெரியவர் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து என் பயத்துக்கு யாரும் கைதட்டியதில்லை.

எனக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு உருவாகியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கதவைத் திறந்ததும் அவளை வாசலில் நிற்கவைத்து, "மணக்குதோ?" என்று கேட்பேன். வசந்தத்தில், "நிறைய" என்பாள், மூக்கைப் பொத்திக்கொண்டு. பிறகு, "கொஞ்சம்." பிறகு, "எனக்குத் தெரியேல்லை." ஜூலையில் ஒரு ஞாயிறு, "இல்லை" என்றாள். தகப்பனைப் பார்த்துச் சொன்னதால் நான் அதை நம்பவில்லை. கதவையும் ஜன்னல்களையும் சாத்தி வெயிலில் விட்டுவிட்டு, மத்தியானம் நானே திறந்து மணந்தேன். புது மரமும் புதுத் துணியும் மணந்தன. வேறொன்றும் இல்லை. அப்போது என் மூக்கிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அடுத்த கிழமையும் மணந்து பார்த்துவிட்டுத்தான், "ஓம்" என்றேன். நாங்கள் பஸ்ஸில் திரும்பி வரும்போது, என் கணவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் சீட்டியடித்தார்.

அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியவருக்கு அந்த ட்ரெய்லரில் மிகவும் பிடித்தது அதுதான். மயில்நீல இனாமல் பூசிய காஸ் அடுப்பு. ட்ரெய்லர் செய்த நாளிலிருந்து அதிலேயே இருந்தது. ஒரு திருகுபிடி மட்டும் இல்லை. அதற்காக அவர் எங்கெங்கோ தொலைபேசி எடுத்து, தூரத்து ஊரிலிருந்த ஓர் ஆளிடமிருந்து தபாலில் வரவழைத்தார். அதைப் பூட்டிய அன்று மகளைத் தூக்கி அவளையே திருகச் சொன்னார். காஸ் சிலிண்டர் வெளியே முன்பக்கத்தில் இருக்கும். குழாயையும் இணைப்புகளையும் காஸ் வேலை தெரிந்த தன் நண்பர் ஒருவரைக் கூட்டிவந்து சோதித்தார். பிறகு எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினார். இது பழைய அடுப்பு, சுடர் தற்செயலாக அணைந்தால் காஸ் தானாக நிற்காது, எரியும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது, தண்ணீரைப்போல நிலத்தில் தங்கும். கூழ்முட்டை மணம் வரும். சந்தேகம் வந்தால் நிமிர்ந்து நின்று மணக்கக்கூடாது, குனிந்து மணக்க வேண்டும். நான் மட்டும் அதை இன்னொரு தடவை சொல்லும்படி கேட்டேன்.

"இவவுக்கு இனி நித்திரை வராது" என்றார் என் கணவர் அண்ணையிடம்.

ஓகஸ்டில் வேலை முடிந்தது. ஒரு சனிக்கிழமை காலை வானின் பின்னால் கொழுவி றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கொண்டுபோனோம். புதுக் கார் வாங்கினால் எல்லோரும் செய்வதுதான். ஐயர் தேங்காய், எலுமிச்சம்பழத் தட்டோடு வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தார். ட்ரெய்லரை ஒரு சுற்று நடந்து பார்த்தார். கதவைத் திறந்து கட்டிலையும் அடுப்பையும் பார்த்தார்.

"இது வாகனமோ, வீடோ?" என்று கேட்டார்.

என் கணவர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை அக்காவைப் பார்த்தார்.

"சில்லு இருக்கிறபடியால் வாகனம்" என்றா அக்கா. "அடுப்பு இருக்கிறபடியால் வீடு. இப்ப வாகனத்துக்குச் செய்யுங்கோ ஐயா. பால் காய்ச்சுறதை நாங்கள் வீட்டை போய்ச் செய்யிறம்."

ஐயர் அதை ஒத்துக்கொண்டார். சில்லுகளுக்கடியில் எலுமிச்சம்பழங்களை வைத்து நசித்துக்கொண்டு நாங்கள் ரெக்ஸ்டேலுக்குத் திரும்பினோம். மறுநாள் விடிய ஏரிக்கரைக்குப் பயணம். பெரியவரும் மனைவியும் தங்கள் ட்ரெய்லரோடு கூட வருவதாக இருந்தது.

அன்று பின்னேரம் பால் காய்ச்சினோம். அக்கா புதுப் பானையொன்று வாங்கி வைத்திருந்தா. பெரியவரும் மனைவியும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து வாசற்படிக்கு வெளியே நின்றார்கள். உள்ளே நாங்கள் நான்கு பேர், இடமில்லாமல் கால்களுக்கிடையில் மகள் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். காற்று அடித்ததால் ஜன்னல்களைச் சாத்தி, கதவையும் பாதிக்கு இழுத்துவிட்டிருந்தோம். என் கையால் அடுப்பை மூட்டும்படி சொன்னார்கள். மூட்டினேன். பால் ஓரத்தில் நுரைத்து மெல்ல எழும்பியது. என் கை தானாகத் திருகுபிடிக்குப் போனது.

"குறைக்காதையும், குறைக்காதையும்" என்றா அக்கா. "வழிய வேணும். நல்லா வழிய வேணும்."

அது எனக்குத் தெரியாததா? புது வீட்டில் பால் வழியாவிட்டால் என்ன பால் காய்ச்சல்? வெளியே நின்ற பெரியவர் கதவிடுக்கால் பார்த்துவிட்டு, பால் பொங்குகிறது என்று சொல்லக் கையை உயர்த்தினார். அக்கா சிரித்த முகத்தோடு அவரைப் பார்த்து, "யெஸ், யெஸ்" என்றா. இது எங்கள் சமய விசயம் என்று நினைத்து அவர் கையைக் கீழே போட்டார். பால் எழும்பி, விளிம்பில் ஒரு கணம் நின்று, மூன்று பக்கமும் வழிந்தது. அக்கா கைகூப்பினா. நாங்கள் எல்லோரும் பாலைத்தான் பார்த்தோம். அந்தப் பால் இறங்கிய இடத்தில் சுடர் இல்லாமல் போனதை யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சந்தடியில் திருகுபிடியை மூடவும் மறந்து, பானையை இறக்கி வைத்து, ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி, அலமாரியில் வைத்திருந்த பிள்ளையார் படத்துக்குப் படைத்தோம். கடலைப் பருப்பும் கற்கண்டும் எங்கே என்று தேடினோம். அண்ணை ஏதோ பகிடி சொன்னார். பிறகு என் கணவர் தட்டில் கற்பூரத்தை வைத்து, நெருப்பெட்டியைக் கையில் எடுத்தார்.

"அம்மா, மணக்குது" என்றாள் மகள்.

"பால் அடிப்பிடிச்சதடி செல்லம்" என்றார் அவர், குச்சியை எடுத்தபடி.

பால் மணம்தான். எனக்கும் அதுதான் வந்தது. ஆனால் அந்த வார்த்தையை அவள் ஒருநாளும் சும்மா சொன்னதில்லை. அவளுக்கு நான் அதைப் பழக்கியிருந்தேன். நான் அவளுக்குப் பக்கத்தில் குனிந்தேன். முழங்காலுக்குக் கீழே கூழ்முட்டை நாற்றம் கனமாக நின்றது.

"கொளுத்தாதேங்கோ" என்றேன்.

அவர் கை நின்றது.

"அந்தக் குச்சியை அப்பிடியே பிடிச்சுக்கொண்டு வெளியிலை போங்கோ. எல்லாரும் போங்கோ."

மகளை அள்ளிக்கொண்டு இறங்கினேன். நாங்கள் இறங்கிய விதத்தைப் பார்த்ததுமே பெரியவருக்கு விளங்கிவிட்டது. ஒன்றும் கேட்காமல் முன்பக்கம் போய் சிலிண்டரின் வாயை மூடினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பின் திருகுபிடியையும் மூடி, எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு வந்தார். நாங்கள் புல்லில் தள்ளித் தள்ளி நின்றோம். மகள் இரண்டு தடவை இருமினாள். உடனே அவளுக்கு மருந்துப் பம்பைக் கொடுத்தேன். அது இழுப்பு இருமல்தானா, வெறும் இருமலா என்று பார்க்கப் பொறுமை இல்லை.

"நான்தானே குறைக்க வேண்டாமெண்டு சொன்னன்" என்றா அக்கா. அழுகையை அடக்கிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னா. பெரியவரின் மனைவிக்கு மொழி விளங்காவிட்டாலும் பக்கத்தில் போய் அவவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் என் கணவரைப் பார்த்து, "பிள்ளை உதுக்குள்ளை படுக்காது" என்றேன்.

"ஓம்" என்றார்.

அவர் வாதாடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இத்தனை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒரு சொல்லில் விட்டுக்கொடுத்துவிட்டு, அவர் ஒரு வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு காற்றாடிய ட்ரெய்லருக்குள் போனார். பாலைத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். நெடுநேரமாகச் சத்தமில்லை. நான் கதவடிக்குப் போய்ப் பார்த்தேன். அவர் நிலத்தில் முழங்கால் போட்டு, கன்னம் தரையில் முட்ட, மூலைக்கு மூலை மணந்துகொண்டிருந்தார். இருக்கையின் அடியில் தலையை விட்டு மணந்தார். எழும்பி, நம்பிக்கை இல்லாமல், திரும்பவும் குனிந்து அதே மூலையை மணந்தார்.

அவர் என்னைக் காணவில்லை. நான் சத்தம் போடாமல் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தேன். அவர் என்னைப்போல ஆகவேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அப்படி ஆனதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. மகள் புல்லில் நாயோடு உருண்டுகொண்டிருந்தாள். இந்த வசந்தமும் கோடையும் முழுக்க அவளுக்கு இந்த வளவில் ஒரு தடவைகூடப் பெரிய இழுப்பு வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல காற்று என்ற கணவரின் செய்தியும் பொய்யில்லை.

பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார். அந்த அடுப்பைப் புதியதாக மாற்றலாம், சுடர் அணைந்தால் தானாக நிற்கிற அடுப்புகள் இப்போது வருகின்றன என்றார். அதைச் சொல்வது அவருக்குச் சுலபமில்லை என்று தெரிந்தது. நான் வேண்டாம் என்றேன். உள்ளே அடுப்பே வேண்டாம் என்றேன். காஸ் குழாயே உள்ளே வரக்கூடாது. அப்படியென்றால் நான் யோசித்துப் பார்க்கிறேன் என்றேன்.

சொல்லி முடித்ததும்தான் யாரிடம் என்ன கேட்டிருக்கிறேன் என்று விளங்கியது. வளைந்த ஆணியைக்கூட எறியாத மனிதர் அவர். திருகுபிடியைத் தபாலில் வரவழைத்தவர். மன்னிக்க வேண்டும், அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் உள்ளே அடுப்பைப் பார்த்தார். பிறகு அண்ணையிடம் திருப்புளியைக் கேட்டார்.

அவரும் என் கணவரும் சேர்ந்து அதைக் கழற்றினார்கள். உள்ளே வந்த குழாய் முழுவதையும் எடுத்து, சிலிண்டரையும் பிரித்து வைத்தார்கள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அடுப்பைத் தூக்கிவந்து புல்லில் வைத்தார்கள். பால் காய்ந்து அதன் நீலத்தில் வெள்ளைக் கோடுகளாக இருந்தது. அண்ணை ட்ரெய்லரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"அடுப்பைக் கழட்டியாச்சு. அப்ப இனி இது வீடில்லை, வாகனம்தான்."

"ஆர் சொன்னது?" என்றா அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பால் பொங்கினது பொங்கினதுதான்."

மறுநாள் நாங்கள் போகவில்லை. அடுப்பு இருந்த பள்ளத்துக்கு என் கணவர் ஒரு பலகை வெட்டிப் பூட்டினார். மகள் அன்றே தன் வண்ணப் பென்சில்களை அதில் அடுக்கி, அது தன்னுடைய மேசை என்று அறிவித்தாள். நான் அந்தக் கிழமை முழுக்க வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் யோசித்தேன். வெள்ளிக்கிழமை கணவர் எதுவும் கேட்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பிள்ளையின் தடித்த போர்வையைத் தோய்த்து வைத்திருக்கிறேன், நாளைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். அவர் சோற்றிலிருந்து பார்வையை எடுக்காமல் தலையாட்டினார். தண்ணீர் குடிக்கிற சாட்டில் எழும்பிப்போய்க் குசினியில் கொஞ்சநேரம் நின்றார்.

நகரத்துக்கு வடக்கே ஒரு சின்ன ஏரி. பெரியவரின் ட்ரெய்லர் ஒரு பக்கம், எங்களது மறுபக்கம். அண்ணையும் அக்காவும் வானுக்குள் படுத்தார்கள். நான் மகளின் பக்கத்தில் படுத்து அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பம்ப் என் தலையணையின் கீழே இருந்தது. எப்போது நித்திரையானேன் என்று தெரியவில்லை. அதுவே எனக்குப் புதினமாக இருந்தது.

கண் விழித்தபோது ஜன்னல் கண்ணாடியில் பனித்துளி படிந்து வெளிச்சம் வெள்ளையாக இருந்தது. மகள் வாயை மூடி, மூக்கால் மூச்சுவிட்டபடி நித்திரையாக இருந்தாள். மூச்சில் இழுப்புச் சத்தம் இல்லை. நான் காதை அவளுடைய முதுகில் வைத்தும் கேட்டேன். இல்லை. பம்ப் வைத்த இடத்திலேயே இருந்தது.

வெளியே ஏதோ உலோகச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். திறந்த புல்வெளியில், ட்ரெய்லர்களிலிருந்து நன்றாகத் தள்ளி, அந்த மயில்நீல அடுப்பு நின்றது. அந்தக் கிழமைக்குள் பெரியவர் அதற்கு மரத்தால் நான்கு கால்கள் செய்து பூட்டியிருந்தார். எங்கள் ட்ரெய்லரிலிருந்து கழற்றிய பழைய சட்டங்களில் உக்காத துண்டுகள்தான் அந்தக் கால்கள். பாலின் கோடுகள் துடைக்கப்பட்டிருந்தன. அதில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. என் கணவர் பக்கத்திலேயே, கண்ணை எடுக்காமல், காவல்காரனைப்போல நின்றார். பெரியவர் என்னைக் கண்டதும் ஒரு பால் பெட்டியைத் தூக்கிக் காட்டி, இங்கே உங்களுக்கு விருப்பமான அளவுக்குப் பொங்கட்டும் என்றார்.

அக்கா அதற்காகவே காத்திருந்ததுபோல வானிலிருந்து பானையோடு இறங்கினா. பால் வைத்தோம். இந்தத் தடவை எல்லோரும் சுடரைத்தான் பார்த்தோம். பால் வழிந்து, சுடர் சீறி அணைந்ததும், ஐந்து கைகள் ஒன்றாகத் திருகுபிடிக்குப் போயின. அதைக் கண்டு முதலில் சிரித்தது பெரியவரின் மனைவிதான்.

மகள் போர்வையை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நான் கேட்காமலே மூக்கை உயர்த்தி மணந்து பார்த்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்லை" என்றாள். "பசிக்குது."

ஓர் இரவு போதாது, ஈரமான நாளில் எப்படி இருக்கும் என்று தெரியாது என்று என் கணவரிடம் சொன்னேன். ஓம், அதுவும் பார்க்கத்தான் வேண்டும் என்றார். அடுத்த கிழமையும் போனோம். அன்று மழை பெய்தது. நான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு முன் ஜன்னலின் கீழே குனிந்தபோது, அவர் ஏற்கெனவே அங்கே குனிந்திருந்தார்.